அலைபேசிக்கு அந்தப் பக்கம் எத்தனை பேர்?

தொலைவழி மருத்துவ ஆலோசனைக்கான நெறிமுறைகளை மத்திய அரசு 2020 மார்ச் 25 அன்று, நாடு முழுவதும் பொதுமுடக்கம் தொடங்கிய அதே நாளில், வெளியிட்டது. அதே ஆண்டில் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவ நிறுவனமும் இந்திய மனநல மருத்துவர் சங்கமும் சேர்ந்து மனநல மருத்துவத்துக்கென்று தனி வழிகாட்டி ஒன்றைக் கொண்டுவந்தன. மனநல சமூகப் பணியாளராக இருப்பதால் இரண்டையும் பலமுறை புரட்டியிருக்கிறேன். பெரிய குறை என்று சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. ஆனால் அவற்றின் வரிகளுக்குப் பின்னால் ஒரு காட்சி இருக்கிறது: இந்தப் பக்கம் ஒரு மருத்துவர், அந்தப் பக்கம் ஒரு நோயாளி, நடுவில் ஒரு திரை. திருச்சியில் உட்கார்ந்து புதுக்கோட்டை, சிவகங்கை, இராமநாதபுரம் பக்கத்துக் கிராமங்களோடு பேசுகிற எனக்கு அப்படிப்பட்ட காட்சி வாய்ப்பது அபூர்வம். அந்தப் பக்கத்தில் அலைபேசிக்குச் சொந்தக்காரர் ஒருவர் இருக்கிறார், அதைக் கையில் பிடித்திருப்பவர் இன்னொருவர், திண்ணையில் காதைத் தீட்டிக்கொண்டிருப்பவர் வேறொருவர். இவர்களை என்ன செய்வது என்பதுதான் எங்கள் வேலையில் அறம் சார்ந்த கேள்விகளில் முக்கால்வாசி. மீதியைச் சட்டமும் நெறிமுறைகளும் ஓரளவு பார்த்துக்கொள்கின்றன.

இந்தச் சேவை வேண்டுமா வேண்டாமா என்ற விவாதத்துக்குள் நான் போகப்போவதில்லை. 2015-16ஆம் ஆண்டில் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பு, நோயின் வகையைப் பொறுத்து 70 முதல் 92 விழுக்காட்டினர் வரை சிகிச்சையே பெறவில்லை என்று கண்டது. மனநல மருத்துவர்களோ இந்தியாவில் 1 லட்சம் பேருக்கு 0.75 என்ற அளவில்தான் இருக்கிறார்கள். அந்த முக்கால் ஆளும் பெரும்பாலும் நகரத்தில்தான். ஆவுடையார்கோவில் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து மாதம் ஒருமுறை மாத்திரை வாங்கப் புதுக்கோட்டைக்குப் போய்வருவது என்றால், நோயாளியைத் தனியாக அனுப்ப முடியாது என்பதால் இருவருக்கும் அன்றைய கூலி போகும், பேருந்துச் செலவு போகும், மாலையில் கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டிய பதற்றம் வேறு. சென்னையின் ஸ்கார்ஃப் என்ற மனநலத் தொண்டு நிறுவனம் 2010 முதல் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு பேருந்தையே ஆலோசனை அறையாகவும் மருந்தகமாகவும் மாற்றி, காணொளியில் மருத்துவரைப் பேசவைத்து, மாத்திரைகளை அங்கேயே இலவசமாகக் கொடுத்ததன் பின்னணி இதுதான். 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய, டெலி மானஸ் என்ற அரசின் தொலைபேசி மனநலச் சேவையின் 14416 எண்ணை இன்று எந்த ஊரிலிருந்தும் காசில்லாமல் அழைக்கலாம். ஆக, வழி திறந்தாகிவிட்டது. அதில் எப்படி நடப்பது என்பதுதான் பேச்சு.

முதலில் சம்மதம். நெறிமுறைப்படி, நோயாளியே அழைத்தால் சம்மதம் அதிலேயே அடங்கிவிடுகிறது. உறவினரோ சுகாதாரப் பணியாளரோ அழைத்தால் நோயாளியின் வெளிப்படையான சம்மதத்தைக் கேட்டுப் பதிவுசெய்ய வேண்டும். எங்களுக்கு வரும் முதல் அழைப்புகளில் பெரும்பாலானவை அம்மாக்களிடமிருந்தும் அக்காக்களிடமிருந்தும் வருபவை. அவர்களில் பலர் கேட்பது ஒன்றே. அடையாளம் தெரியாதபடி மாற்றி ஒருவருடைய பேச்சைத் தருகிறேன்: "டாக்டருன்னாலே எந்திரிச்சுப் போயிருவான் மேடம். நீங்க மருந்து பேரை மட்டும் சொல்லுங்க, நான் ரசத்துல கலந்து குடுத்துக்கிறேன்." இந்த அம்மாவைக் கல்நெஞ்சுக்காரி என்று யாரும் சொல்ல முடியாது. இரவில் கதவைத் தாழிட்டுக்கொண்டு விழித்திருக்கும் மகனுக்குக் காவலாகத் தானும் விழித்திருந்து, காலையில் நூறு நாள் வேலைக்குப் போகிறவர் அவர். ஆனாலும் தெரியாமல் மருந்து கலந்து கொடுக்கும் வழியை எங்களால் திறந்துவிட முடியாது.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் இங்கே தெளிவாக இருக்கிறது. சொல்லப்பட்ட தகவலைப் புரிந்துகொள்ளவும், தன் முடிவால் என்ன நேரும் என்று எடைபோடவும், அந்த முடிவைப் பேச்சாலோ சைகையாலோ தெரிவிக்கவும் முடிகிற எவருக்கும் தன் சிகிச்சையைத் தானே தீர்மானிக்கும் திறன் உண்டு. அந்த முடிவு மற்றவர் கண்ணுக்குத் தவறாகத் தெரிகிறது என்பதாலேயே திறன் இல்லை என்று சொல்லிவிட முடியாது. இந்தத் திறனை அம்மாவின் வாய்வழியாக அளக்க வழியில்லை. மகனோடு பேசித்தான் ஆக வேண்டும். அதோடு நடைமுறை ஆபத்தும் இருக்கிறது. ரசத்தில் கலந்த மருந்து எவ்வளவு உள்ளே போனது என்று யாருக்கும் தெரியாது. பக்கவிளைவாகக் கை இறுகி நடுக்கம் வந்தால், அது ஏன் வருகிறது என்று அந்தப் பையனுக்கே தெரியாது. என்றைக்காவது ஒரு நாள் தெரியவரும்போது, மருந்தை மட்டுமல்ல, அம்மா கையால் போடும் சோற்றையும் அவன் நம்ப மாட்டான். யாரோ தனக்கு விஷம் வைக்கிறார்கள் என்ற சந்தேகமே நோயாக இருக்கும் ஒருவனுக்கு அந்தச் சந்தேகத்தை நாமே உண்மையாக்கிக் கொடுத்ததாகிவிடும்.

எனவே அந்த அம்மாவிடம் இல்லை என்று சொல்லி அழைப்பைத் துண்டிப்பதும் அறமல்ல, சரி என்று சொல்வதும் அறமல்ல. நாங்கள் செய்வது மெதுவான காரியம். அம்மாவையே முதலில் எங்கள் கவனிப்புக்கு உரியவராக எடுத்துக்கொள்கிறோம்: அவருடைய தூக்கம், அவருடைய பயம், அடி விழுந்தால் யார் வீட்டுக்கு ஓடுவது என்ற ஏற்பாடு. களப்பணியாளர் வீட்டுப் பக்கம் போய்வருகிறார். பையனோடு மாட்டைப் பற்றியோ மழையைப் பற்றியோ பேசுகிறார். தான் யார், எதற்கு வருகிறார் என்பதை மட்டும் மறைப்பதில்லை. பெரும்பாலும் அவன் ஒருநாள் தன் தூக்கமின்மையைப் பற்றியாவது பேசுவான். தூக்கத்துக்கு உதவி வேண்டும் என்று அவன் கேட்பது உண்மையான சம்மதத்தின் முதல் படி. ஆபத்து முற்றிவிட்டால் சட்டத்தின் அவசரச் சிகிச்சைப் பிரிவு இருக்கிறது, 108 இருக்கிறது. அதை அலைபேசி வழியே ரகசியமாகச் செய்ய வேண்டியதில்லை.

அடுத்தது அந்தரங்கம். ஒரு பெண்ணோடு பேசும்போது முதல் சில நிமிடங்களில் நோயைப் பற்றிய பேச்சே எடுப்பதில்லை. "இப்ப எங்கம்மா உக்காந்திருக்கீங்க? பக்கத்துல யாராச்சும் இருக்காங்களா? ஆமா, இல்லைன்னு மட்டும் சொன்னாப் போதும்." ஸ்பீக்கரில் இருக்கிறதா என்று கேட்கிறோம். எல்லா அழைப்புகளையும் தானாகவே பதிவுசெய்யும் அலைபேசிகள் நிறைய இருக்கின்றன. இரவில் கணவர் அதை உட்கார்ந்து கேட்பார் என்பது அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருக்காது. பேச்சுக்கு நடுவில் யாராவது வந்தால் எதற்குத் தாவுவது என்று முன்பே பேசி வைத்துக்கொள்கிறோம். ஒருவர் ரேஷன் அட்டையில் பெயர் சேர்ப்பது எப்படி என்று சட்டென்று கேட்பார். நான் விடாமல் பதில் சொல்வேன். (இதன் பயனாக ரேஷன் அட்டை விவகாரங்களில் எனக்கு இப்போது ஓரளவு தேர்ச்சி உண்டு.) பேசி முடித்த பிறகு மருந்துச்சீட்டை வாட்ஸப்பில் அனுப்புவது வசதிதான், ஆனால் அந்த அலைபேசி மகள் ஆன்லைன் வகுப்புக்கும், கணவர் மீன் ஏலத்துக்கும், கொழுந்தன் விளையாடுவதற்கும் கைமாறுகிற பொருள் என்றால், அந்தச் சீட்டு அன்றைக்கே தெருவுக்குத் தெரிந்துவிடும். சட்டத்தின் 23ஆம் பிரிவு ரகசியம் காக்கும் கடமையைச் சிகிச்சை தருபவர்கள் மீது சுமத்துகிறது. நாங்கள் காத்தால் மட்டும் போதாது. அந்தக் கைப்பேசி எத்தனை கைகளுக்குப் போகிறது என்றும் தெரிந்திருக்க வேண்டும்.

காணொளி வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. 2024 அக்டோபரில் டெலி மானஸ் காணொளி ஆலோசனையைத் தொடங்கியபோது முதலில் எடுத்துக்கொண்ட பகுதிகளில் தமிழ்நாடும் ஒன்று. முகத்தைப் பார்க்காமல் மனநிலையைக் கணிப்பது கடினம் என்பதிலும், சில வகை மருந்துகளை முதன்முதலாக எழுதும்போது காணொளி வேண்டும் என்று நெறிமுறை சொல்வதிலும் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் காணொளி என்பது வீட்டையும் சேர்த்துக் காட்டும். ஒற்றை அறை வீட்டில், பின்னால் மாமியார் படுத்திருக்க, ஒருவர் திரையில் முகத்தைக் காட்டிப் பேசுவதைவிட, களத்துமேட்டுக்கு நடந்துபோய்க் குரலில் மட்டும் பேசுவதே அவருக்குப் பாதுகாப்பு. எது வேண்டும் என்று அவரிடம் கேட்பதுதான் சரி. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு அறை கிடைத்தால் நல்லது. அதிலும் புதன்கிழமை வேண்டாம். அன்று தடுப்பூசி நாள், ஊரில் பாதிப் பேர் வராந்தாவில் இருப்பார்கள்.

அறை என்றதும் சாதியைப் பற்றிப் பேசாமல் நகர முடியாது. கிராமத்தில் யாராவது இலவசமாக இடம் தருகிறேன் என்று சொன்னால் அந்த இடம் எந்தத் தெருவில் இருக்கிறது என்று கேட்க வேண்டும். ஊர்த்தெருவில் பெரிய வீட்டின் முன்னறையில் கணினியை வைத்துவிட்டு, காலனியிலிருந்து யாரும் வரவில்லையே, அங்கே பாதிப்பு குறைவுபோல என்று அறிக்கை எழுதுவது எவ்வளவு எளிது! களப்பணியாளர் எந்தத் தெருவைச் சேர்ந்தவர் என்பதும் அப்படித்தான். அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், தன் வீட்டுச் சண்டையை அவர் முன்னால் பேசினால் அது எந்தத் திண்ணைக்குப் போய்ச் சேரும் என்ற கணக்கு எல்லோர் மனதிலும் ஓடும். ஒரே ஊருக்கு இரண்டு தெருக்களிலிருந்தும் ஆள் எடுப்பது செலவு என்று நிதி தருபவர்கள் முகம் சுளிப்பார்கள். எடுக்காவிட்டால் ஊரில் பாதிக்கு மட்டும் சேவை தருகிறோம் என்று நேர்மையாக எழுதிவிட வேண்டும்.

மொழியிலும் இதே சிக்கல். நீலகிரியின் கூடலூர் பகுதியில் பணியர், காட்டுநாயக்கர், பெட்டக்குறும்பர், முள்ளுக்குறும்பர், இருளர் என்று ஐந்து பழங்குடிச் சமூகங்கள் வாழ்கின்றன. அங்குள்ள ஆதிவாசி மருத்துவமனை அந்தச் சமூகத்துப் பெண்களையே செவிலியராகவும் சுகாதாரப் பணியாளராகவும் பயிற்றுவித்து வளர்த்ததைப் பார்க்கும்போது, சமவெளியிலிருந்து தமிழில் பேசும் ஒரு குரலை அலைபேசியில் இறக்கிவிட்டால் போதும் என்று நினைப்பது எவ்வளவு சோம்பேறித்தனம் என்று தெரியும். திண்டுக்கல், திருப்பூர்ப் பக்கத்து நூற்பாலை விடுதிகளில் ஒடியா பேசும் பெண்பிள்ளைகள் இருக்கிறார்கள். ஓர் ஆலை எங்களை அழைத்தது. ஆலோசனையின்போது விடுதிக் காப்பாளர் அறையில் இருப்பார், மேற்பார்வையாளர் மொழிபெயர்ப்பார், மாத முடிவில் நிர்வாகத்துக்கு ஒரு பட்டியல் தர வேண்டும் என்றார்கள். காப்பாளர் வெளியே இருக்கட்டும், மொழிபெயர்ப்பவரை நாங்கள் வெளியிலிருந்து அலைபேசியில் இணைக்கிறோம், பட்டியல் தர முடியாது என்றோம். அதோடு அழைப்பு நின்றுவிட்டது. அந்தப் பிள்ளைகளுக்கு ஒன்றுமே இல்லாமல் போனதற்கு எதையாவது ஏற்றுக்கொண்டிருக்கலாமே என்று உடன் பணியாற்றும் சிலர் இன்றும் கேட்கிறார்கள். நான் ஒப்பவில்லை. யாரிடம் வேலை பார்க்கிறாளோ அவர் காதில் விழும்படி ஒருத்தி பேசுவது விசாரணை, ஆலோசனை அல்ல.

மருந்து விஷயத்தில் எல்லை தெரிந்திருப்பது முக்கியம். போதைப்பொருள் சட்டத்துக்குள் வரும் பெரும்பாலான மருந்துகளைத் தொலைவழியில் எழுதக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரிந்த விதி. அதைவிட எனக்குக் கவலை தருபவை எழுதலாம் என்று அனுமதிக்கப்பட்டவை. மனநிலை ஏற்ற இறக்க நோய்க்கான லித்தியம் எடுத்துக்கொள்பவரின் இரத்தத்தில் அதன் அளவைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மருந்தாக வேலை செய்யும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. உடலில் நீர் வற்றினால் அந்த அளவு ஏறும். சித்திரை வெயிலில் நண்பகல் வரை கருவை வெட்டிவிட்டுத் தண்ணீர் போதாமல் வரும் ஒருவருக்கு, குளிரூட்டிய அறையில் இருக்கும் மருத்துவர் திரையில் பார்த்து அதே மாத்திரையைத் தொடரச் சொல்வது ஆபத்தாக முடியலாம். என்ன வேலை, எத்தனை மணி வரை வெயில், குடிக்கத் தண்ணீர் கூடவே இருக்கிறதா, வயிற்றுப்போக்கு உண்டா, கை நடுக்கம் கூடியிருக்கிறதா என்பதையெல்லாம் கேட்க வேண்டும். மனச்சிதைவுக்கான க்ளோசபின் சிலருக்கு இரத்த வெள்ளணுக்களைக் குறைத்துவிடும் என்பதால், அதைத் தொடங்கினால் முதல் 18 வாரங்கள் வாராவாரம் அவற்றை எண்ண வேண்டும். பரிசோதனைக்கூடம் எட்டாத ஊரில் அதைத் திரைவழி தொடங்குவதில்லை என்று எங்கள் மருத்துவர் வைத்திருக்கும் விதி எனக்குப் பிடித்தமானது. கையைப் பிடித்து மடக்கிப் பார்த்து இறுக்கம் இருக்கிறதா என்று சொல்லக் களப்பணியாளருக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறோம். அது மருத்துவரின் கைக்கு ஈடாகாது என்பதால், குறிப்பிட்ட இடைவெளியில் ஒருமுறையாவது நேரில் பார்த்தே ஆக வேண்டும்.

தற்கொலை எண்ணத்தோடு வரும் அழைப்பில் தொலைவின் முழுக் கனமும் தெரியும். எங்கே இருக்கிறார் என்பதை முதலிலேயே வாங்கிவிட வேண்டும்: எந்த ஊர், எந்தத் தெரு, அடையாளத்துக்கு என்ன, 108 வந்தால் எது வரை வண்டி வரும். நெருக்கடி முற்றிய பிறகு இதைக் கேட்டால் பிடித்துக்கொடுக்கப் பார்க்கிறார்கள் என்று வைத்துவிடுவார்கள். காவல் நிலையம், வழக்கு என்ற பயம் இன்னும் கிராமங்களில் இருக்கிறது. மனநலச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருதப்பட வேண்டும், தண்டிக்கப்படக் கூடாது என்று சொல்கிறது. இதை அந்த நேரத்தில் நிதானமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பிறகு பூச்சிக்கொல்லி. கிராமத்து வீட்டில் அது அரிசி மூட்டைக்குப் பக்கத்திலோ குளியலறைப் பரணிலோ இருக்கும். கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோவில் பகுதியில் ஆய்வாளர்கள் பூச்சிக்கொல்லியை வீட்டில் வைக்காமல் ஊருக்குப் பொதுவான கிடங்கில், ஆளுக்கொரு பூட்டிய பெட்டியில் வைக்கும் முறையை முயன்று பார்த்தார்கள். கோபமும் விரக்தியும் உச்சத்தில் நிற்கும் சில நிமிடங்களுக்கு அந்தக் கிடங்கு வரை நடக்க வேண்டிய தூரம்தான் மருந்து. கிடங்கு இல்லாத ஊரில் புட்டியை யார் எடுத்துப்போய் எங்கே வைப்பது என்று அழைப்பு முடிவதற்குள் பேசி முடிக்கிறோம். அதற்கு வீட்டில் இன்னொருவருக்கு விஷயம் தெரிந்தாக வேண்டும். யாருக்குச் சொல்லலாம் என்று அவரையே தேர்ந்தெடுக்கச் சொல்கிறோம். ரகசியத்தை உடைக்க நேர்ந்தால், உடைக்கப்போகிறோம் என்பதை அவரிடம் முதலில் சொல்கிறோம்.

கோயிலுக்கும் தர்காவுக்கும் போவதைப் பற்றி எங்கள் துறையில் நிறைய ஏளனம் உண்டு. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு காப்பகக் கொட்டகையில் பிடித்த தீயில், சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் தப்ப முடியாமல் 28 பேர் இறந்த பிறகு அந்த ஏளனத்துக்கு ஒரு நியாயமும் சேர்ந்துகொண்டது. சங்கிலியைச் சட்டம் இன்று தடுக்கிறது. வேப்பிலையையும் தீர்த்தத்தையும் தடுக்கவில்லை, தடுக்கவும் வேண்டாம். மனநோய் தீர வேண்டிக்கொள்ளும் குணசீலம் பெருமாள் கோயிலுக்குப் போய் 48 நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்பவரிடம் மாத்திரையையும் எடுத்துப்போகச் சொல்வதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

கடைசியாக, வழிகாட்டிகளில் அதிகம் இடம்பெறாத களப்பணியாளர். மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதிலிருந்து சர்க்கரை, இரத்தக்கொதிப்பு மாத்திரைகளோடு ஒரு பெண் வீட்டுப்படி ஏறுவது யாருக்கும் செய்தி அல்ல. மனநலப் பணியாளர் ஏறினால் மட்டும் அது செய்தி. அதனால் அவர்கள் எடையும் பார்க்கிறார்கள், இரத்த அழுத்தமும் பார்க்கிறார்கள், முதியோர் உதவித்தொகை விண்ணப்பமும் எழுதித் தருகிறார்கள். கையில் கிடைப்பதோ சொற்ப ஊக்கத்தொகை. இரவு பத்து மணிக்குக் கதவைத் தட்டுகிறவர்களும் அவரைத்தான் தட்டுகிறார்கள். இரவு எட்டுக்கு மேல் 14416 எண்ணைச் சொல்லிவிட்டு அலைபேசியை அணைக்கலாம் என்று எழுத்துமூலம் அனுமதி கொடுத்திருக்கிறோம். ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டினால் அதை அணைக்க முடியாது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அவர்களுக்கென்றே ஓர் உரையாடல் வைத்திருக்கிறோம். அதை நடத்துபவர் அவர்களுடைய மேலதிகாரி அல்ல. பேசியது எங்கள் அலுவலகக் கோப்பிலும் ஏறுவதில்லை.

அப்படி ஓர் உரையாடலுக்குப் பிறகுதான் ஒருவர் தயங்கிக் கேட்டார்: "அக்கா, எங்க வீட்டுக்காரரக் காட்டணும்னா நான் யாருகிட்டப் போறது? இந்த ஊருக்கு நான்தானே." அவர் கணவரைப் பக்கத்து ஒன்றியத்துப் பணியாளர் பார்க்கும்படியும், பதிவேடு வேறு அலுவலகத்தில் இருக்கும்படியும் ஏற்பாடு செய்தோம். எல்லாக் களப்பணியாளர்களின் குடும்பத்துக்கும் இதையே விதியாக்கும்படி எழுதிக் கொடுத்திருக்கிறேன். அந்தப் பக்கத்து ஒன்றியத்துப் பணியாளருக்குப் பயணப்படியை எந்தக் கணக்கிலிருந்து தருவது என்ற கேள்வியில் கோப்பு இப்போது நிற்கிறது.